படுவான்கரைக் காணிகளைத் திட்டமிடுதல்: சூழல் மாதிரியுருக்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை

காணிப் பயன்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் வேலை பெரும்பாலான இடங்களில் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. வெள்ளத்துக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று என்று நான்கு படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினால், பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஐந்தாவது படம் வந்துவிடும். கூட்டத்தில் காட்டுவதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் அதிலுள்ள வெள்ள வரைபடம், அன்றைய நிலத்தின்மேல் அன்றைய மழை பெய்தபோது உருவானது. பச்சை நிறத்தில் காட்டிய இடத்தில் வயலை நிரப்பி வீடு கட்டியபின் அந்தத் தண்ணீர் யாருடைய வளவுக்குள் போகும் என்று அது சொல்லாது. நிலம் மாறினால் நீரின் போக்கு மாறுகிறது. நீரின் போக்கு மாறினால் நிலத்தின் பயன்பாடும் மாறியாக வேண்டும். இந்தச் சுற்றைக் கணக்குக்குள் கொண்டுவருவதற்காகவே, நிலத்தையும் நீரையும் கணினியில் கணித்துக் காட்டும் தனித்தனி மாதிரியுருக்களை இணைக்கிறோம்.

இந்த வழிகாட்டி, கியூஜீஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஓரளவு பழக்கமுள்ள காணிப் பயன்பாட்டு உத்தியோகத்தர்களையும், நீர்ப்பாசனப் பக்கத்தில் வேலை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. உதாரணமாக எடுத்துக்கொண்டது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, ஆயித்தியமலைப் பக்கமிருந்து வவுணதீவு வரை வாவியை நோக்கிச் சரியும் வயல்வெளி. அம்பாறைக் கரையோரத்தில் சம்மாந்துறைக்கோ நிந்தவூருக்கோ இதே முறையைப் பயன்படுத்துகிறவர்கள் எவற்றை மாற்ற வேண்டும் என்பதை உரிய இடங்களில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வியிலிருந்து தொடங்குதல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் கேள்வியை ஒரே வசனத்தில் எழுதுங்கள். "இப்பிரதேசத்தின் நிலைபேறான அபிவிருத்தி" என்பது கேள்வி அல்ல. "வவுணதீவுப் பக்கம் புதிதாகக் கேட்கப்படும் வீட்டுக்காணிகளை எந்த மேட்டுநிலங்களில் வழங்கலாம், எந்த வட்டைகளை (வயல்வெளிப் பிரிவுகளை) எக்காரணம் கொண்டும் நிரப்ப விடக்கூடாது" என்பது கேள்வி. ஒருவர் கையெழுத்திட்டு முடிவு செய்யக்கூடியதாகவும், ஒவ்வொரு காணிக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். வயற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்துவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். கடலோரத்தில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உட்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால் அங்கே கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே உங்கள் விடை இந்த அனுமதிகளில் எதைக் கொடுக்க அல்லது மறுக்க உதவப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், தேவையற்ற பாதி மாதிரியுருக்கள் தாமாகவே கழிந்துவிடும்.

எங்கள் உதாரணத்துக்கு நான்கு போதும். எதிர்காலத்தில் எந்தக் காணி எதுவாக மாறும் என்று சொல்லும் நிலமாற்ற மாதிரியுரு ஒன்று. பெய்த மழையில் எவ்வளவு ஓடி வரும் என்று சொல்லும் நீரியல் மாதிரியுரு ஒன்று. ஓடி வந்த நீர் எங்கே எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று சொல்லும் வெள்ள மாதிரியுரு ஒன்று. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பரப்புக்கு மட்டும் நிலத்தடி நன்னீரைப் பற்றிய எளிய கணக்கு ஒன்று. நீரியலுக்கு ஹெக்-எச்எம்எஸ் அல்லது சுவாட், வெள்ளத்துக்கு ஹெக்-ராஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள். மண்ணரிப்புச் சமன்பாட்டையும் சேர்க்க வேண்டுமென்று சிலர் அடம்பிடிப்பதுண்டு. மேற்கே மழைநீர் சேர்ந்து வரும் மலைப்பாங்கான ஏந்து பகுதிக்கு அது பொருந்தும். படுவான்கரைச் சமவெளியில் சரிவு அவ்வளவு குறைவு என்பதால், அங்கே அந்தச் சமன்பாடு தரும் எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

ஒரே நிலத்தில் நிற்கும் தரவுகள்

இணைப்பு பிழைப்பதற்கு முதற் காரணம், தரவுகள் ஒரே ஆள்கூற்று முறையில் இல்லாமல் இருப்பது. பழைய நில அளவைப் படங்கள், இடங்களின் நிலையை அளப்பதற்கான பழைய இலங்கை அடிப்படையான கண்டவளை ஆதாரத்தைக் கொண்டவை. அவற்றின் ஆரம்பப் புள்ளிக்கு 200,000 மீற்றர் என்ற மதிப்பு இருக்கும். 1999ஆம் ஆண்டின் புதிய இலங்கைக் கட்டத்தில் அது 500,000. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் படம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விலகிப் போவதால் உடனே கண்ணில் படும். பயப்பட வேண்டியது மற்றப் பிழைக்குத்தான்: கண்டவளை ஆதாரத்தில் உள்ள அகலாங்கு நெட்டாங்கை உலகப் பொது ஆதாரத்தில் உள்ளதாக எண்ணிக்கொண்டால், விலகல் சில நூறு மீற்றராக இருக்கும். பெரிய படத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில், அந்தச் சில நூறு மீற்றர் ஒரு வீட்டுத்திட்டத்தையே வாவிக்குள் இறக்கிவிடும். வேலை தொடங்குமுன் ஒரு பாலத்தின் இரு முனைகளையும் ஒரு குளக்கட்டின் முனையையும் எல்லா அடுக்குகளிலும் பொருத்திப் பாருங்கள். வலையிறவுப் பாலம் இதற்கு நல்ல அடையாளம்.

உயரத் தரவு இன்னும் கவனம் வேண்டுவது. இலவசமாகக் கிடைக்கும் 30 மீற்றர் பிரிதிறன் (ஒரு கட்டத்தின் பக்க அளவு) கொண்ட தரவுகளில், 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு பலருக்கும் தெரிந்தது. அதற்குப் பின்வந்த கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு சமவெளிக்கு அதைவிட நன்றாக இருக்கிறது. இரண்டுமே மர உச்சிகளையும் கூரைகளையும் ஓரளவு நிலமாகவே எண்ணுகின்றன. தென்னந்தோட்டம் ஒரு மேடாகவும், பக்கத்து வயல் பள்ளமாகவும் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு பொறி, செய்மதி இடங்காட்டிக் கருவி தரும் உயரம். இலங்கையைச் சூழ்ந்த கடற்பகுதியில் கடல் மட்டத்தை ஒத்த புவியீர்ப்புப் பரப்பு உலகிலேயே மிகத் தாழ்ந்து கிடப்பதால், கருவியைத் திருத்தமின்றிப் பயன்படுத்தினால் கல்லடிக் கடற்கரையில் நின்றபடியே கடல் மட்டத்துக்கு 90 மீற்றருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். அதைப் பார்த்துக் கருவி பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அது பூமியின் வடிவத்தைக் கணித முறையில் காட்டும் நீள்வளையப் பரப்பிலிருந்து அளந்த உயரம். திருத்தம் செய்யாத புள்ளிகளையும் செய்த புள்ளிகளையும் ஒரே கோப்பில் கலப்பதுதான் பழுது.

மழையிலிருந்து ஓடுநீருக்கு

இனி நிலமாற்றமும் நீரும் சந்திக்கும் முதல் மூட்டுக்கு வருவோம். நீரியல் மாதிரியுருக்கள் பலவற்றின் உள்ளே இருப்பது வளையி எண் முறை. நிலத்தின் தன்மைக்கு ஏற்ப 100க்குள் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. எண் கூடினால் ஊறுவது குறைந்து ஓடுவது கூடும். முதலில் நிலத்தின் தேக்கும் திறனை மில்லிமீற்றரில் காண வேண்டும்: 25,400ஐ வளையி எண்ணால் வகுத்து 254ஐக் கழித்தால் அது வரும். பெய்த மழையிலிருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, மழையோடு தேக்கும் திறனின் ஐந்தில் நான்கு பங்கைக் கூட்டிய தொகையால் வகுத்தால் ஓடுநீர் கிடைக்கும்.

ஒரே நாளில் 200 மில்லிமீற்றர் மழை பெய்ததாக வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் கார்த்திகையிலும் மார்கழியிலும் இது கற்பனை அல்ல. வளையி எண் 70 உள்ள புதர்க்காட்டில் ஓடுநீர் ஏறத்தாழ 111 மில்லிமீற்றர். அதே நிலம் வீடும் மதிலும் கொங்கிரீற்று முற்றமுமாகி எண் 85க்கு உயர்ந்தால், ஓடுநீர் 155 மில்லிமீற்றர். வித்தியாசம் 44 மில்லிமீற்றர்தானே என்று தோன்றலாம். ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு அது 44,000 கனமீற்றர், நீர்ப்பாசனக்காரர் பேசும் அளவில் சொன்னால் ஏறத்தாழ 36 ஏக்கர் அடி. மேட்டில் இருக்கும் ஒருவர் செய்த மாற்றத்தைப் பள்ளக்காணிக்காரர் இந்த அளவில்தான் வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே வயலுக்குப் போட்டுவிடக் கூடாது. இந்த முறை அமெரிக்க நிலங்களில் பிறந்தது. வரம்பு கட்டிய வயலை அதற்குத் தெரியாது. வரம்புக்குள் 15 சென்றிமீற்றர் நீர் நிற்க இடமிருந்தால், ஒரு ஏக்கர் வயல் ஏறத்தாழ 600 கனமீற்றர் நீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். விதைப்புக் காலத்து முதல் மழைக்கு இந்த இடம் வெறுமையாக இருக்கும்; பெரும்போகப் பயிர் வளர்ந்து நிற்கும் மார்கழியில் அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஆகவே ஒரே வயலுக்கு ஐப்பசியில் ஓர் எண், மார்கழியில் இன்னோர் எண் கொடுக்க வேண்டும். ஹெக்-எச்எம்எஸ்ஸில் இதைத் தனித்தனி ஓட்டங்களாகச் செய்யலாம். சுவாட் மாதிரியுருவில் வயலைப் பள்ளத் தேக்கமாக அறிவிப்பது இன்னும் பொருத்தம். வயல் நிரப்புவதைப் பற்றிய விவாதங்களில் நெல் விளைச்சல் இழப்பு மட்டுமே பேசப்படுகிறது. இந்தத் தேக்கும் இடத்தின் இழப்பையும் கணக்கில் காட்டினால் பேச்சின் போக்கே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

குளங்கள் இன்னொரு சிக்கல். உன்னிச்சையின் வான்கதவைத் திறப்பது மழையின் வேலை அல்ல, மனிதர் எடுக்கும் முடிவு. அதே குளம் நீர்ப்பாசனத்துக்கும் மட்டக்களப்பின் குழாய்க் குடிநீருக்கும் பயன்படுவதால், அதை எவ்வளவு வெறுமையாக வைத்திருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மாதிரியுருவில் கதவு திறக்கும் விதியை எழுதாவிட்டால், குளம் நிரம்பி வழியும் தொட்டியாக மட்டுமே நடந்துகொள்ளும். அம்பாறையில் இது பல மடங்கு முக்கியம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பின்னர், கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இயற்கையான ஓட்டம் என்று ஒன்று கிடையாது. அந்தத் திட்டத்தின் பெருங்குளமான சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இடதுகரை, வலதுகரை, ஆற்றுப் பிரிவு என்று பிரிந்து வரும் நீரைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து மாதிரியுருவுக்குள் கொடுக்க வேண்டும், மழையிலிருந்து கணிக்க முயலக் கூடாது.

வெள்ளம் நிற்கும் இடமும் முகத்துவாரமும்

ஓடுநீர் ஹெக்-ராஸுக்குள் போனபின் கிடைப்பது ஆழ வரைபடம். இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டையின் வெள்ள வரைபடத்தைச் செய்து முடித்து, அச்சிட்டு எடுத்துக்கொண்டு, வயல்களின் நீரைக் கவனிக்கும் வட்டவிதானையிடம் காட்டினேன். அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, தாம் நிற்கும் பக்கத்துக்குச் சரிசெய்துகொண்டு, கிரவல் வீதியின் கோட்டில் விரலை வைத்தார். "தம்பி, உங்கட தண்ணி றோட்டைத் தாண்டிப் போகுது. எங்கட தண்ணி போகாது. இந்தப் பக்கம் நாலு நாள் நிண்டு பயிர் அழுகினபிறகுதான் போகும்" என்றார். பிறகு பம்பு அறைச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பளவு உயரத்தில் மண்ணிறமாகத் தெரிந்த கோட்டைக் காட்டினார். என் படத்தில் அந்த இடத்தில் நீர் முழங்காலுக்கும் கீழே இருந்தது. காரணம் எளிது. 30 மீற்றர் கட்டத்துக்குள் ஐந்து மீற்றர் அகல வீதி கரைந்து போயிருந்தது. வீதி ஓர் அணையாகவும், அதன்கீழுள்ள இரண்டு சிறிய மதகுகள் மட்டுமே வாசலாகவும் இருந்ததை என் மாதிரியுரு அறியவில்லை.

அதற்குப்பின் நான் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன், ஆய்வுப் பகுதியிலுள்ள ஒவ்வொரு வீதியையும் குளக்கட்டையும் வாய்க்கால் கரையையும் கோடாக வரைந்து, அவற்றின் உயரத்தைக் களத்தில் மட்டக்கருவியால் எடுத்து, நீரோட்டத்தைத் தடுக்கும் முறிகோடுகளாகக் கொடுத்துவிடுவேன். மதகுகளை எண்ணி, அகலமும் உயரமும் அளந்து, அடைபட்டவற்றை அடைபட்டவையாகவே பதிவேன். ஆற்றுவாழை மண்டிக் கிடக்கும் மதகு, வடிவமைப்புப் படத்தில் உள்ள மதகு அல்ல. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மாரிதோறும் நீரில் மூழ்கி மக்கள் படகேறுவதை அறிந்தவர்களுக்கு, வீதியும் வெள்ளமும் எவ்வளவு பிணைந்தவை என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கீழ் எல்லை நிபந்தனை. மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விட வேண்டாம். வெள்ள மாதிரியுருவுக்கு நீர் கடைசியாகச் சேரும் இடத்தின் மட்டத்தைச் சொல்ல வேண்டும். பலரும் கடலின் சராசரி மட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் வெள்ளம் அழகாக வடிந்துவிடும். வவுணதீவில் வயல் மூழ்காது, வீட்டுத்திட்டத்துக்கு இடமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் படுவான்கரை நீர் கடலில் நேரடியாகச் சேர்வதில்லை, வாவியில் சேர்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த வாவி, பாலமீன்மடுப் பக்க முகத்துவாரத்தினூடாகவும் தெற்கே கல்லாற்றுப் பக்கமாகவும் மட்டுமே கடலைத் தொடுகிறது. கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணல் அந்த வாய்களை மூடிவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறியபின் அந்த மணல்திட்டு தானாக உடைய வேண்டும் அல்லது மனிதர் வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல் மூழ்கிய விவசாயியின் அவசரமும் வாவியை நம்பிய மீனவரின் கணக்கும் எப்போதும் ஒத்துப் போவதில்லை.

ஆகவே ஒவ்வொரு வெள்ள ஓட்டத்தையும் குறைந்தது மூன்று தடவை செய்யுங்கள்: முகத்துவாரம் திறந்திருக்கும் நிலை, மூடியிருக்கும் நிலை, வெள்ளம் தொடங்கி மூன்றாம் நாள் வெட்டப்படும் நிலை. மூன்றாவதற்கு வாவி மட்டத்தை மணிக்கு மணி மாறும் தொடராகக் கொடுக்க வேண்டும். வாவியின் இரு முனைகளிலும் மட்டம் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாமல், வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு இடங்களில் அளவுகோல் பதிவுகளைத் தேடுங்கள். பாலங்களுக்காக வாவிக்குள் போட்ட மண்மேடுகளும் ஓட்டத்தைத் தடுக்கின்றன. இந்த மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் காணி எந்த நிலையிலும் மூழ்காது, எந்தக் காணி முகத்துவாரத்தின் தயவில் தப்புகிறது என்று பிரிந்து தெரியும். வீட்டுக்காணிக்கு முதல் வகை மட்டுமே தகும். இரண்டாம் வகைக் காணியை "பாதுகாப்பானது" என்று நிறமிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சரிபார்ப்பதற்கு 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் இறுதி வெள்ளமும் உதவும். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செய்மதியின் ராடார் படங்கள் 2014க்குப் பிந்திய வெள்ளங்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ராடாருக்கு வெள்ளநீரும் வயலில் பாய்ச்சிய நீரும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், வெள்ளத்துக்கு முந்திய பதினைந்து நாட்களுக்குள் எடுத்த படத்தையும் வைத்து ஒப்பிட வேண்டும். ஆற்றோட்டப் பதிவு கிடைத்தால், கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்–சட்கிளிஃப் குணகத்தைக் கணித்து, அது 0.5க்குக் கீழே இருந்தால் மேலே போக வேண்டாம். 1957 வெள்ளத்தையும் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் சொல்லும் நீர்மட்டம், சுவரும் படியுமாகக் காட்டக்கூடியதாக இருந்தால் அதையும் பதியுங்கள்.

நிலம் எப்படி மாறும் என்பதை எந்த ஆண்டுகளிலிருந்து கற்பது

நிலமாற்ற மாதிரியுரு, இரண்டு ஆண்டுகளின் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு, எது எதுவாக மாறியது என்று கற்றுக்கொண்டு, அதே போக்கை எதிர்காலத்துக்கு நீட்டுகிறது. கியூஜீஐஎஸ்ஸில் இதற்கான செருகிகள் (சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள்) உண்டு. 10 மீற்றர் பிரிதிறன் கொண்ட சென்டினல்-2 படமும், பழைய ஆண்டுகளுக்கு லான்ட்சாற் படமும் போதும். செய்முறையில் சொல்லித்தர அதிகமில்லை. எந்த ஆண்டுகளை எடுப்பது என்பதில்தான் எங்கள் மாவட்டங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

1990களில் படுவான்கரையில் பல வயல்கள் போரினாலும் இடப்பெயர்வினாலும் கைவிடப்பட்டுப் புதர் ஏறிக் கிடந்தன. அந்த ஆண்டுகளிலிருந்து கற்கும் கணினி, வயல் காடாவதை இயற்கையான போக்கு என்று எண்ணும். கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்தபின் மக்கள் திரும்பிக் காடு வெட்டிக் குடியேறிய ஆண்டுகளிலிருந்து கற்றால், அதே வேகத்தில் 2040 வரை காடு அழியும் என்று சொல்லும். கடலோரத்தில் 2004 டிசம்பர் 26க்கு முன்னும் பின்னுமான படங்களை ஒப்பிட்டால், சுனாமி செய்த மாற்றமும் அதற்குப் பின்வந்த வீட்டுத்திட்டங்களும் ஆண்டுதோறும் நிகழும் ஒன்றாகக் கணக்கில் ஏறிவிடும். 2015க்குப் பிந்திய ஆண்டுகளைக் கற்பதற்கும், அதற்கடுத்த சில ஆண்டுகளைச் சரிபார்ப்பதற்கும் ஒதுக்குவது பாதுகாப்பானது. அம்பாறைக் கரையோரத்தில் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே நடந்த கடலரிப்பைப் போக்காக நீட்டாமல், தனியான காரணமுள்ள நிகழ்வாக வேறாக வைக்க வேண்டும்.

துல்லியத்தைச் சொல்லும்போதும் அவதானம் தேவை. நூறு சதுரக் கிலோமீற்றரில் ஐந்து மட்டுமே மாறியிருந்தால், "எதுவும் மாறாது" என்று சொல்லும் மாதிரியுருவுக்கும் 95 வீதத் துல்லியம் கிடைத்துவிடும். மாறிய இடங்களில் எத்தனையைச் சரியாகச் சொன்னது என்பதை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த எண் சிறியதாகவே இருக்கும். அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

மாற்றத்தைத் தூண்டும் காரணிகளில் வீதியும் பாலமும் முன்னிற்பவை. யானையைக் காரணியாகச் சேர்க்காத மாதிரியுருக்களையும் பார்க்கிறேன். வெல்லாவெளிப் பக்கமோ வவுணதீவின் மேற்கு எல்லையிலோ யானை வரும் வழியை அறியாமல் வீட்டுக்காணி ஒதுக்குவது, வெள்ளம் வரும் வழியை அறியாமல் ஒதுக்குவதற்குச் சமம். மின்வேலி, காட்டுத் துண்டுகள், குளங்கள் ஆகியவற்றை வைத்துக் குறைந்த தடையுள்ள பாதையைக் கணிக்கும் எளிய கருவி கியூஜீஐஎஸ்ஸிலேயே இருக்கிறது. மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சற்றரைகள் செய்மதிப் படத்தில் வெறும் புல்வெளியாகவும் பற்றைக்காடாகவும் தோன்றும். அவற்றைப் "பயன்படுத்தப்படாத நிலம்" என்று வகைப்படுத்தினால் உங்கள் திட்டம் பண்ணையாளர்களிடம் முதல் நாளே தோற்றுப்போகும்.

எழுவான்கரையின் கிணறுகள்

படுவான்கரையில் இடமில்லை என்று தெரிந்ததும், வீட்டுக்காணிக் கோரிக்கைகள் மறுபடியும் எழுவான்கரைக்குத் திரும்பும். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் மணலுக்கு அடியில் இருப்பது, உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர் வில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. அதைத் தலைகீழாகப் படியுங்கள்: நீர்மட்டம் 10 சென்றிமீற்றர் இறங்கினால், உப்பு எல்லை காலப்போக்கில் நான்கு மீற்றர் வரை ஏறிவரலாம். மணல் அவ்வளவு ஆழம் இல்லாத இடங்களிலும், கடலும் வாவியும் இரு பக்கமும் நெருக்கும் இடங்களிலும் வில்லை இன்னும் மெல்லியது.

நிலமாற்ற மாதிரியுரு சொல்லும் கூரையும் கொங்கிரீற்றும் மழை ஊறுவதைக் குறைக்கும். கூடிய வீடுகள் நீர் இறைப்பதைக் கூட்டும். இந்த இரண்டு எண்களையும் எடுத்து, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஆண்டு வரவு செலவு போட்டுப் பார்த்தாலே போதுமான விடை வரும்; மோட்ஃப்ளோ போன்ற பெரிய நிலத்தடி நீர் மாதிரியுருவைத் தொடுவது அதற்குப் பிறகு. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்துவிடுவதால், ஆண்டுச் சராசரியோடு நிறுத்தாமல் ஆவணி, புரட்டாதி மாதங்களுக்குத் தனிக்கணக்குப் போடுங்கள். கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவியோடு இருபது கிணறுகளை ஒரு காலையில் பார்த்துவிடலாம். மலக்குழியிலிருந்து கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூட்டுகளைச் சோதித்தல்

நான்கும் தனித்தனியே ஓடியபின் அவற்றைச் சங்கிலியாகப் பூட்ட வேண்டும். பொதுவான கட்ட அளவு ஒன்றைத் தீர்மானியுங்கள். எங்கள் பகுதிக்கு 30 மீற்றர் போதும், ஆனால் வீதிகளும் மதகுகளும் வெள்ள மாதிரியுருவுக்குள் அவற்றின் உண்மை அளவிலேயே இருக்க வேண்டும். நிலமாற்றப் படம் 2035க்கு ஒன்று, 2045க்கு ஒன்று எனக் கிடைக்கும். அதிலிருந்து வளையி எண் படம், அதிலிருந்து ஓடுநீர், அதிலிருந்து வெள்ள ஆழம். பிறகு அந்த ஆழப் படத்தை முதல் மாதிரியுருவுக்கே திருப்பிக் கொடுத்து, அரை மீற்றருக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில் வீடு வராது என்ற தடையோடு மறுபடியும் ஓட்டுங்கள். இரண்டு அல்லது மூன்று சுற்றில் படம் மாறாமல் நின்றுவிடும். நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஓர் அலகு பிழைத்திருக்கிறது. பெரும்பாலும் மில்லிமீற்றருக்கும் மீற்றருக்கும் இடையில்.

ஒவ்வொரு மூட்டிலும் நீரின் கணக்கைச் சரிபாருங்கள். பெய்த மழை, ஊறியது, ஆவியானது, குளத்தில் நின்றது, வாவிக்குப் போனது ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும். மழையிலிருந்து ஊறும் நீரை நீரியல் மாதிரியுருவும் நிலத்தடிக் கணக்கும் தனித்தனியே கழித்துவிட்டு இரண்டு முறை எண்ணியிருப்பதை இந்தச் சிறிய கூட்டல்தான் காட்டிக்கொடுக்கும்.

பிழை சங்கிலி வழியே பெருகும் என்பதற்காக நீண்ட புள்ளிவிவரக் கோட்பாடு தேவையில்லை. நிலமாற்றத்தில் குறைவு, நடுத்தரம், கூடுதல் என மூன்று, மழையில் மூன்று, முகத்துவாரத்தில் மூன்று, மொத்தம் 27 ஓட்டங்கள். ஒரு நல்ல கணினியில் ஒரு வார இரவுகளுக்குள் முடிந்துவிடும். 27இலும் மூழ்காத மேட்டுநிலம் எது, 27இலும் மூழ்கும் வட்டை எது என்று எண்ணி எடுங்கள். இடையில் கிடப்பவைதான் விவாதத்துக்கு உரியவை.

வரைபடம் யார் கைக்குப் போகிறது

இறுதித் தெரிவில் எடைபோட்டுக் கூட்டும் முறையைப் பலரும் பயன்படுத்துவர். எடைகளைச் சோடி சோடியாக ஒப்பிட்டு எடுத்தால், அந்த ஒப்பீடுகள் தமக்குள் எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் இசைவு விகிதம் 0.1க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, கூட்டுவதற்கு முன் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவது. வீதிக்கு அருகில் இருப்பதற்குக் கிடைத்த புள்ளி, இடுப்பளவு வெள்ளத்தில் இழந்த புள்ளியை ஈடுசெய்துவிடும்; கூட்டலுக்கு அது ஒரு கணக்கு, அங்கே குடியிருப்பவருக்கு அது ஒவ்வொரு மார்கழியும் பாடசாலையில் படுக்கும் வாழ்க்கை. கண்டல் காடு, குளத்தின் உள்வாய் (நீர் நிற்கும் பகுதி), கரையோர வலயம், 27 ஓட்டங்களிலும் மூழ்கும் வயல் ஆகியவற்றை முதலிலேயே நீக்கிவிட்டு, மிஞ்சிய நிலத்தில் மட்டும் புள்ளி போடுங்கள்.

படத்தைக் கட்டங்களாகக் கொடுக்காமல் வட்டைகளின் பெயரால் கொடுங்கள். காணி உத்தியோகத்தருக்கும் கமக்காரருக்கும் தெரிந்த எல்லை அதுதான். அனுமதிப்பத்திரக் காணியா, உறுதிக் காணியா, அரச காணியா என்ற விவரமும் அதே தாளில் இருக்கட்டும். பெரும்போக ஆரம்பக் கூட்டம் இந்தப் படத்தைக் காட்டுவதற்கு ஏற்ற இடம். விவசாய அமைப்புகளும் நீர்ப்பாசன, கமநலத் திணைக்களங்களும் ஒரே மண்டபத்தில் இருக்கும் நாள் அது. வாவி மீனவர் சங்கங்களையும் தனியாக அழைத்துக் காட்டுங்கள், ஏனெனில் முகத்துவாரத்தைப் பற்றிய உங்கள் மூன்று ஓட்டங்களில் எது நடக்கக்கூடியது என்று அவர்களே சொல்வார்கள்.

படத்தின் ஓரத்தில், அது எந்த உயரத் தரவை, எந்த வாவி மட்டத்தை, முகத்துவாரத்தின் எந்த நிலையைக் கொண்டு செய்யப்பட்டது என்பதையும் திகதியையும் அச்சிடுங்கள். அடுத்த தை மாதம் நீர் வடிந்ததும், மதகுத் தூண்களிலும் பம்பு அறைச் சுவர்களிலும் புதிய நீர்க்கோட்டுக்குப் பெயின்ற் அடித்து, மட்டக்கருவியால் அளந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 30 சென்றிமீற்றருக்கு மேல் இருந்தால், வளையி எண்களில் கை வைப்பதற்கு முன் வாவி மட்டக் கோப்பைத் திறந்து பாருங்கள்.